ஒளி பழகுவோம் - 14: முள் காட்டில் பச்சையைத் தேடாதீர்கள்

சென்ற வாரம் மழைக்காட்டைப் படமெடுப்பது பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் அதற்கு நேர் எதிரான ஒரு தோட்டம்.

கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டியிருக்கும் சான் மரினோவில் ஹண்டிங்டன் தாவரவியல் பூங்கா இருக்கிறது. அதில் ஒரு பகுதி பாலைவனத் தோட்டம். ரயில் அதிபர் ஹென்றி ஹண்டிங்டனிடம் தோட்டப் பொறுப்பாளராக இருந்த வில்லியம் ஹெர்ட்ரிச் 1907இல் அதைத் தொடங்கினார். முதலாளிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. பாலைவனத்தில் தண்டவாளம் போட்ட காலத்தில் கள்ளியிடம் குத்துப்பட்டவர் அவர். ஹெர்ட்ரிச் விடாமல் பேசிச் சம்மதம் வாங்கினார். இன்று சுமார் பத்து ஏக்கரில் 2,000க்கும் மேற்பட்ட வகைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. நூறாண்டு வளர்ச்சி. பாலைவனத்திலேயே இவ்வளவு அடர்த்தியைப் பார்ப்பது அரிது.

படமெடுப்பவருக்கு முதல் சிக்கல் கடிகாரம். பூங்கா காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடிவிடும். விடியல் வெளிச்சம் கிடைக்கவே கிடைக்காது. ஜூன் மாதத்தில் போனால் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு வந்துவிடும். முள்ளெல்லாம் வெளிறி, நிழலெல்லாம் கருகிப் போகும். ஜனவரி கடைசியில் போனால் கதையே வேறு. சூரியன் 40 டிகிரிக்கு மேல் ஏறாது. மறைவது மாலை ஐந்தே காலை ஒட்டி என்பதால் கடைசி ஒரு மணி நேரம் முழுக்கச் சாய்ந்த வெயில். ஆப்பிரிக்கக் கற்றாழைகள் பூப்பதும் அதே பருவத்தில்தான்.

அந்த நேரத்தில் ‘கோல்டன் பேரல்’ கள்ளிகள் இருக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். மெக்சிகோவைப் பூர்விகமாகக் கொண்ட இந்த உருண்டைக் கள்ளிகள் அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சூரியனை எதிரே வைத்துக்கொண்டு, கள்ளியின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். மஞ்சள் முள் ஒளியைத் தடுப்பதில்லை, உள்ளே விட்டுக் கசியவிடுகிறது. ஒவ்வொரு உருண்டைக்கும் விளிம்பில் பொன் வளையம் கட்டும். உடல் பகுதி இருண்டு கிடக்கும். இங்கே கேமராவின் ஆட்டோவை நம்பினால் கெட்டது. இருட்டைப் பார்த்துப் பயந்து அது வெளிச்சத்தைக் கூட்டும், வளையம் வெள்ளையாகிவிடும். ஸ்பாட் மீட்டரிங்கில் முள்ளை அளந்து எடுங்கள். செல்போனில் முள்ளின் மேல் விரலால் தட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுத்தால் போதும். ஒயிட் பேலன்ஸ் ‘டேலைட்’டில் நிற்கட்டும். ஆட்டோவில் விட்டால் சட்டகம் நிறைய இருக்கும் பொன்னிறத்தைக் குறை என்று எண்ணிக் கழித்துவிடும்.

கற்றாழைப் பூவில் வேறு ஆபத்து. மொத்த ஹிஸ்டோகிராம் ஒழுங்காக இருப்பதுபோல் காட்டும். சிவப்பு மட்டும் தனியாக வழிந்திருக்கும். அடியில் சிவந்து நுனியில் மஞ்சளாக மாறும் அந்தக் குழல்கள் ஒரே சாயக் கட்டியாகத் தெரியும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, தேவைப்பட்டால் வெளிச்சத்தைக் குறைத்து, ‘ரா’வில் எடுங்கள்.

இனி எடிட்டிங். பெரும்பாலோர் கை வைக்கும் முதல் இடம் பச்சை. தோட்டம் செழிப்பாகத் தெரியட்டுமே என்று சாச்சுரேஷனைத் தள்ளுவார்கள். தோட்டம் செத்துப்போவது அங்கேதான். ஆனைக்கற்றாழை மடலின் மேல், திராட்சையில் இருப்பதுபோல ஒரு வெண்பூச்சு உண்டு. வெயிலைத் திருப்பி அனுப்பவும் நீர் ஆவியாகாமல் காக்கவும் செடி பூசிக்கொண்ட மெழுகு அது. மடலுக்குச் சாம்பல் நீலம் தருவதும் அதுதான். அந்த நீலத்தைப் பச்சையாக்கினால், வறட்சியில் பிழைக்கத் தெரிந்த செடியை வாழைத் தோப்பில் நட்டதாகிவிடும்.

செழிப்பைக் காட்டும் வழி நிறத்தில் இல்லை, நிழலில் இருக்கிறது. ‘ஷேடோஸ்’ஸை முழுக்கத் தூக்காமல் கொஞ்சம் இருட்டை விட்டுவையுங்கள். ஒரு செடிக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் மற்றொன்று என்று ஆழம் தெரியும். ‘ஹைலைட்ஸ்’ஸைச் சற்றே இறக்குங்கள். ‘கிளாரிட்டி’யைக் கூட்டினால் முள்ளைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும், முள்ளுக்கு இயற்கையே கூர்மை தந்திருக்கிறது, நாம் தீட்ட வேண்டியதில்லை.

சிலியிலிருந்து வந்த பூயா என்ற செடி வசந்தத்தில் மயில் நீலத்தில் பூக்கும். நடுவே ஆரஞ்சு மகரந்தப் பைகள். அந்த நீலத்தைச் சாதாரணத் திரைகளால் முழுதாகக் காட்ட முடியாது. அதைத் துரத்தி ஸ்லைடரை இழுக்க இழுக்க இதழின் உலோக மினுக்கம் மறைந்து தட்டையாகும். திரை தருவதோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இதற்கெல்லாம் கலிஃபோர்னியா போக வேண்டும் என்பதில்லை. மொட்டை மாடித் தொட்டியில் இருக்கும் சோற்றுக்கற்றாழையை மாலை வெயிலுக்கு எதிராக வைத்து இந்த வாரமே பழகுங்கள். எடிட் செய்த பிறகு படத்தைச் செடியின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். படம் செடியைவிடப் பச்சையாக இருந்தால், திருத்த வேண்டியது படத்தைத்தான்.

(தொடரும்)