கரும்பலகையும் ஒளித்திரையும்

2018ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வெளிவந்த புதிய பாடநூல்களைப் புரட்டினால், கறுப்பும் வெள்ளையுமாய்ச் சிறு சதுரங்கள் தென்படும். கியூ.ஆர். குறியீடு என்பர். கைப்பேசியை அதன்மேற் காட்டினால் பாடத்திற்குரிய படக்காட்சி விரியும். மறு ஆண்டே கல்வித் தொலைக்காட்சியும் தொடங்கிற்று. 2020இல் பள்ளிகள் அடைபட்டபோதோ, கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அச்சதுரம் வெறுங் கோலமாகவே நின்றது. ஆகவே வகுப்பறையில் அதனை எப்படிக் கையாளுகிறோம் என்பது சிறிய செய்தியன்று.

கோவை வட்டாரத்துப் பள்ளி ஒன்றை எண்ணிப் பாருங்கள். பாடம், பருவக்காற்று. செயற்கைக்கோள் எடுத்த படம் திரையில் தெரிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை பச்சைச் சுவராக நிற்க, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு வாயில்! அதுவே பாலக்காட்டுக் கணவாய். இங்கே ஆசிரியர் படத்தை நிறுத்திவிட வேண்டும். "ஆடி மாதத்தில் நம் ஊர்க் காற்று எத்திசையிலிருந்து வருகிறது?" என்று கேட்க வேண்டும். மேற்கு என்பதைப் பிள்ளைகள் தம் தோட்டத்திலேயே அறிந்திருப்பர். பல்லடம், உடுமலைப் பக்கங்களில் காற்றாலைகள் நிறைந்திருப்பதன் காரணத்தைத் தாமே கண்டு சொல்வர். காற்று இவ்வளவு வரும்போது மழை மட்டும் ஏன் மலைக்கு அப்பாலேயே பெரும்பாலும் பெய்துவிடுகிறது என்று ஒரு குழந்தையாவது கேட்கும். பாடம் அப்போதுதான் தொடங்குகிறது.

நிறுத்தாமல் ஓடவிட்டாலோ, பத்து நிமிடம் வகுப்பில் அமைதி நிலவும். அவ்வமைதியையே விரும்புகிற ஆசிரியரும் உண்டு!

மின்சாரம் தடைப்படும் நாளில் இரண்டு சுண்ணக்கட்டிக் கோடுகள் போதும், அந்தக் கணவாயை வரைய.