பின்பக்கத்துப் பெயர்: நூலக ஓவியப் போட்டிகளின் குழப்பங்கள் குறித்து

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். கிளை நூலகங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி எல்லாம் நடக்கும். ஓவியத்துக்குத் தலைப்பு பெரும்பாலும் 'இயற்கைக் காட்சி'. பிள்ளைகள் இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே ஒரு குடிசை, ஒரு தென்னை என்று வரைந்து முடித்துவிடுவார்கள். பாலவாக்கத்தில் மலை கிடையாது. சூரியன் கடலிலிருந்துதான் எழுகிறது. இருந்தும் அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையும் மலையைத்தான் வரையும். 'இயற்கை' என்றால் எது என்பதைப் பாடப்புத்தகமும் டிராயிங் மாஸ்டரும் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார்கள்.

தென்சென்னைக் கிளை நூலகம் ஒன்றில் சில வருஷங்களுக்கு முன் நான் பார்த்தது இது. பெயர் வேண்டாம், எங்கும் நடக்கக்கூடியதுதான். மலைகளுக்கு நடுவே ஒரு தாளில் மட்டும் ஃபைபர் போட்டு, வலை, மணலில் காயும் மீன். நடுவர் அதற்கே முதல் பரிசு தந்தார். மேடையில் பெயர் வாசிக்கப்பட்டது. சான்றிதழை வாங்கியவன் ஒரு மெட்ரிக் பள்ளிப் பையன். வாங்கிய பிறகு பலகையில் குத்தியிருந்த படத்தைப் பார்த்து அவனே விழித்தான். அவன் வரைந்தது மலை. அதற்குள் பாலவாக்கம் குப்பத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எழுந்து போய்ச் சொன்னார்: "சார், இது எம் பையன் வரைஞ்சது. எங்க மாமனாரு போட்டோட நம்பரத்தான் எழுதியிருக்கான், பாருங்க." பொறுப்பாளரின் பதில்: "பதிவேட்டுல இந்தப் பேருதாம்மா இருக்கு. சின்னப் பசங்க விஷயம், விடும்மா. ஒரு ஆறுதல் பரிசு குடுத்துடலாம்."

குழப்பம் எப்படி வந்தது? இரண்டு பையன்களுக்கும் ஒரே பெயர். ஒருவனுடைய அப்பா பெயர் 'க'வில் தொடங்குகிறது, இன்னொருவனுடையது 'கு'வில். பதிவேடு ஆங்கிலத்தில். இரண்டும் அதில் 'கே.' ஆகிவிட்டன. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நம் வழக்கத்தில் ஒரு மனிதரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்த ஒற்றை எழுத்துதான். 'க' முதல் 'கௌ' வரை 12 எழுத்துகள் இருக்கின்றன. ஆங்கிலத்துக்குப் போனதும் அநேகமாக எல்லாம் ஒரே எழுத்துக்குள் அடைபடுகின்றன. அரசு ஆவணங்களில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு ஆணையிட்டது. இதை வெறும் மொழிப் பெருமை என்று ஒதுக்குபவர்கள் இந்தப் பையனை நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் விஷயம் முன்னெழுத்தோடு முடிவதில்லை. பெயரைத் தாளின் பின்பக்கத்தில் எழுதச் சொல்வது நடுநிலைக்காக. யார் பிள்ளை, எந்தப் பள்ளி என்று தெரியாமல் நடுவர் முன்பக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். எனினும் தீர்ப்பு சொன்ன அடுத்த கணமே அதிகாரம் பின்பக்கத்துக்கு இடம் மாறிவிடுகிறது. அதுவரை பேசிய படம் ஊமையாகிறது, பதிவேடு பேசத் தொடங்குகிறது. அந்த அம்மா முன்வைத்த சான்று படத்துக்குள்ளேயே இருந்தது. தாத்தாவின் போட்டு நம்பரை மனப்பாடமாக எழுதக்கூடிய பிள்ளை அந்தக் கூடத்தில் எத்தனை பேர்? பதிவேட்டுக்கு இந்த வாசிப்பு செல்லாது. குப்பத்துப் படம் பிடித்திருந்தது. குப்பத்துக்காரியின் சொல்தான் எடுபடவில்லை. 'ஆறுதல் பரிசு' என்பது இங்கே பிழையை ஒப்புக்கொள்ளாமலேயே வாயை அடைக்கும் உபாயம்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 1961இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மத்தீஸின் 'படகு' தலைகீழாகத் தொங்கியது. ஒரு பாய்மரப் படகும் தண்ணீரில் அதன் நிழலும்: எது படகு, எது நிழல் என்பதில்தான் தடுமாற்றம். 47 நாட்கள், நிபுணர்கள் உட்பட யாருக்கும் உறைக்கவில்லை. கண்டுபிடித்தவர் ஜெனிவீவ் ஹேபர்ட், பங்குச் சந்தையில் வேலை பார்த்த ஒரு பார்வையாளர். காவலரிடம் சொன்னார், பலனில்லை. பத்திரிகைக்குச் சொன்ன பிறகே படம் நேரானது. இரண்டு இடத்திலும் பிழையைப் பார்த்தது வெளியாள். ஹேபர்ட்டுக்குப் பத்திரிகை இருந்தது. நம் அம்மாவுக்கு அது இல்லை.

நூலகம் யாருடையது என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. ரங்கநாதனின் நெடிய முயற்சிக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட பாலவாக்கமும் இதற்கு விலக்கல்ல. வாடகைக்கு இருப்பவரும் வாடகை வழியாக இதில் ஒரு பங்கைக் கட்டுகிறார். எனவே "விடும்மா" என்பது வரி கட்டியவரிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல.

செய்யக்கூடியவை சின்ன விஷயங்கள். பெயரையும் முன்னெழுத்தையும் தமிழில் எழுதட்டும். அப்பா அல்லது அம்மா பெயரை முழுசாக எழுதட்டும். தாளுக்கு ஓர் எண், அதே எண் பிள்ளை கையில் ஒரு சீட்டாக. பரிசளிப்புக்கு மூன்று நாள் முன்பே எல்லாப் படங்களையும் எண்ணோடு சுவரில் ஒட்டிவிடலாம். 'இது என்னுது' என்று பிள்ளைகளே வந்து சொல்வார்கள். அப்படியும் பிழை நேர்ந்தால், எந்த மேடையில் நேர்ந்ததோ அதே மேடையில் திருத்த வேண்டும். வாசகர் வட்டங்களில் இருக்கும் நண்பர்கள் வரும் நவம்பருக்கு முன் இதை நூலகரிடம் பேசலாம்.

அன்று அந்த அம்மா ஆறுதல் பரிசை வாங்கவில்லை. பலகையிலிருந்து படத்தைக் கேட்டு வாங்கிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.