1965-க்கு முன்னா, பின்னா?

இளையராஜா பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு பேஸ் கிட்டாரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அதை வாசிப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பாட்டைப் பற்றிப் பேசுவது ஐந்து நிமிடம்தான். பிறகு எந்த மரம், எந்தக் கம்பி, எந்த வருஷத்து மாடல் என்று ஆரம்பித்துவிடுவார்கள். டீ ஆறிப்போகும்.

சண்டையின் வேர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் இருக்கிறது. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1951-ல் அங்கேதான் 'பிரிசிஷன் பேஸ்' கருவியைக் கொண்டுவந்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்குத் தோளில் மாட்டிக்கொள்ளும் கருவி கிடைத்தது. வீணையின் மெட்டு மாதிரி ஃப்ரெட் வைத்திருந்ததால் சுருதி பிசகாது. பெயரே அதனால் வந்ததுதான். கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றைக்கும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதுதான் அளவு. கழுத்தை உடலோடு ஒட்டவில்லை, நாலு திருகாணி போட்டு முடுக்கினார். கெட்டுப்போனால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம் என்ற ரிப்பேர்கார புத்தி!

1965 ஜனவரியில் லியோவின் ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்கு முன் செய்ததெல்லாம் தங்கம், பின் செய்ததெல்லாம் தகரம் என்று ஒரு கட்சி அன்று தொடங்கி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது. முழுப் பொய்யும் இல்லை. எழுபதுகளின் நடுவில், ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் பேஸின் கழுத்தில் நாலு திருகாணி மூன்றானது. கழுத்து உட்காரும் குழி தளர்வாக இருந்து, இடித்தால் சுருதி நகரும் கருவிகளும் அந்தக் காலத்தில் வெளிவந்தன. 1985-ல் சிபிஎஸ் அந்தப் பெயரை, அங்கே வேலை பார்த்தவர்களின் குழுவுக்கே 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு விற்றது. இருபது வருஷம் வைத்திருந்து, வாங்கிய விலைக்கும் கீழே.

ஆனால் பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் கையில் இருப்பது 1977-ம் வருஷத்து ஜாஸ் பேஸ். 'தகரக் காலம்' என்று சொல்லப்படும் காலத்தின் நட்ட நடு. நியூயார்க்கில் ரோஜர் சடோவ்ஸ்கி அதற்குள் ஒரு ப்ரீஆம்ப், அதாவது ஒலியைக் கருவிக்குள்ளேயே பெருக்கும் மின்சுற்று, வைத்துக் கொடுத்தார். அந்தச் சத்தம் வேண்டும் என்று இன்று எழுபதுகளின் பேஸைத் தேடி அலைகிறார்கள். போதாக்குறைக்கு, பழமைக் கட்சி கும்பிடும் அதே லியோ, தன் அடுத்த கம்பெனியான மியூசிக் மேனின் ஸ்டிங்ரே பேஸை 1976-ல் பேட்டரி போட்டு ஓடும் ப்ரீஆம்ப்போடு கொண்டுவந்தார். பேட்டரி போட்டது பேஸே இல்லை என்பவர்களுக்கு இது எப்படி மறந்துபோகிறதோ!

அடுத்த சண்டை மரம். தஞ்சாவூர் வீணையில் ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்டமா, ஒட்டு வீணையா என்று கேட்பதில் அர்த்தம் உண்டு. அங்கே பலா மரக் குடமே பாடுகிறது. எலெக்ட்ரிக் பேஸ் அப்படியில்லை. காந்தத்துக்கு மேல் இரும்புக் கம்பி ஆடுகிறது, செம்புச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அதுதான் ஸ்பீக்கருக்குப் போகிறது. மரம் செய்வது, கம்பியின் ஆட்டத்தில் கொஞ்சத்தை உறிஞ்சுவது மட்டுமே. இருந்தும் 2017-ல் ரோஸ்வுட் வணிகத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு வந்து, மெக்ஸிகோவில் செய்யும் பல மாடல்களின் விரல்பலகையை ஃபெண்டர் 'பாவ் ஃபெரோ' மரத்துக்கு மாற்றியபோது, ஒலி போச்சு என்று ஒரே புலம்பல். 2019-ல் முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. இந்த ரோஸ்வுட்டில் இந்திய வகை வேறெதுவும் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம்தான்.

என்னைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு விரல்பலகையின் மரத்தைச் சொல்ல ஆளில்லை. கம்பியைச் சொல்லிவிடலாம். டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வைத்திருந்தது 1962-ம் வருஷத்து பிரிசிஷன். தடித்த, வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பி. அறுந்தால் தவிர மாற்ற மாட்டார். வலது கையில் ஒரே ஒரு ஆள்காட்டி விரல். அதே காலத்தில் இங்கிலாந்தில் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில், சொரசொரவென்ற ரவுண்ட்வவுண்ட் கம்பியைப் புதுசு புதுசாக மாட்டிப் பியானோ மாதிரி கணகணக்க வைத்தார். அவரும் பிரிசிஷனில் வாசித்தவர்தான். ஒரே டிசைன், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு குரல்.

மரத்தின் வேலை நிஜமாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் யாரும் சண்டை போடுவதில்லை. நான் முதலில் வாங்கிய பேஸில் ஜி கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டினால், ஸ்வரம் 'டும்' என்று எழுந்து உடனே அடங்கிவிடும். பக்கத்து ஃப்ரெட்டுகள் நன்றாக நீளும். மெல்லிசைக் கச்சேரி ஒன்றில் இழுத்து நிற்க வேண்டிய அந்த ஸ்வரம், 'சி', பாதியில் செத்தது. கீபோர்டுக்காரர் திரும்பி, "என்னப்பா, கையை எடுத்துட்டியா?" என்றார். கை அங்கேயேதான் இருந்தது. கழுத்து தானாக அதிரும் வேகமும் அந்த ஸ்வரமும் ஒன்றாகிவிட்டால், கம்பியின் சக்தியைக் கழுத்து விழுங்கிவிடும். 'டெட் ஸ்பாட்' என்பார்கள். தச்சர் வைத்திருந்த சி-கிளாம்ப்பைத் தலைப்பகுதியில் முடுக்கிப் பார்த்தேன். எடை கூடியதும் டெட் ஸ்பாட் ஒரு ஃப்ரெட் கீழே நகர்ந்தது. 'சி' பிழைத்தது, 'பி' செத்தது.

விலை உயர்ந்த கருவியிலும் இது வரும். நெட் ஸ்டைன்பெர்கர் 1980 வாக்கில் தலையே இல்லாத, கார்பன் இழையாலான பேஸ் செய்து இதை ஏறக்குறைய ஒழித்தார். உடனே மரக் கட்சி, "இதில் உயிரே இல்லை" என்றது. ஒரு ஸ்வரம் சாவது உயிருள்ளதற்கு அடையாளமாம்!

முதல் பேஸ் வாங்கப் போகிறவர்கள் வருஷத்தையும் மரத்தையும் கடைசியில் கேளுங்கள். ஜி கம்பியில் நாலாவது ஃப்ரெட்டிலிருந்து எட்டுவரை ஒவ்வொன்றாக மீட்டி, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பட்டையை மாட்டிக்கொண்டு கையை விட்டால் தலை கீழே சாய்கிறதா என்று பாருங்கள். மிச்சம் பிடிக்கும் காசில் ஒரு செட் நல்ல கம்பி வாங்கிக்கொள்ளுங்கள்.