கணக்கை இடம் மாற்றும்போது கண்ணும் கருத்தும் வேண்டும்!

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. அளப்பதிலும் நிறுப்பதிலும் நம் வணிகப் பெருமக்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அளந்து எழுதி வைத்த கணக்கை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது அதே கவனத்தைக் காட்டுகிறோமா? நாம் காட்டவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டோம். மற்றவர்களும் படவேண்டாம் என்பதற்காகவே இக்கட்டுரை.

நம் மளிகைக் கடையில் பில் போடும் மென்பொருளை மாற்றினோம். பண்டங்களின் பட்டியல், கையிருப்பு, வாடிக்கையாளர் பற்று வரவு ஆகிய மூன்றையும் பழையதிலிருந்து கோப்புகளாக எடுத்துப் புதியதில் ஏற்றினார்கள். ஒரே மாலையில் வேலை முடிந்தது. மறுநாள் காலை வழக்கம்போல் வியாபாரம் நடந்தது. நாமும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியல் எடுத்து வசூலுக்குக் கடைப்பையனை அனுப்பினோம். இருபது ஆண்டுகளாக நம்மிடம் சரக்கு எடுக்கும் ஓர் உணவு விடுதிக்காரர், தம் மகள் திருமணச் சாமான்களுக்காக 18,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தார். பட்டியலிலோ அவர் 18,000 ரூபாய் பாக்கி என்று இருந்தது. பையன் போய்ப் பணம் கேட்டுவிட்டான். அவர் அவனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நேரே கடைக்கு வந்து, நாம் கையெழுத்திட்டுக் கொடுத்த ரசீதை மேசைமேல் வைத்தார். எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டோம்.

அன்றிரவு பழைய கணக்கை எடுத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தோம். முன்பணம் கொடுத்திருந்த பதினொரு பேரும் கடன்காரர்களாகியிருந்தார்கள். காரணம் எளிது. பழைய கோப்பில் தொகை ஒரு பத்தியிலும், அது பற்றா வரவா என்பது அடுத்த பத்தியிலும் இருந்தன. ஏற்றியவர்கள் தொகைப் பத்தியை மட்டும் ஏற்றியிருக்கிறார்கள். மென்பொருள் பழுதில்லை, கணினி பழுதில்லை. சரிபார்க்காத நாமே பழுது.

கோப்பு என்பது என்ன?

ஒவ்வொரு மென்பொருளும் தன் கணக்கைத் தனக்கே உரிய முறையில் பூட்டி வைத்திருக்கிறது. அதை இன்னொன்று படிக்க வேண்டுமானால் பொதுவான வடிவத்தில் வெளியே எடுக்க வேண்டும். அவற்றில் மிக எளியது சிஎஸ்வி கோப்பு. ஒரு வரிக்கு ஒரு பண்டம். பெயர், விலை, இருப்பு ஆகியவற்றுக்கு இடையே ஒரு கமா. அவ்வளவுதான். எக்செல், எக்ஸ்எம்எல், ஜேசன் ஆகியவையும் புழக்கத்தில் உள்ளன. அச்சுக்கு உரிய பிடிஎஃப் கோப்பு பார்க்க அழகாக இருக்கும். மறுபடி ஏற்றுவதற்கு உதவாது.

எளிமையிலேயே ஆபத்தும் உண்டு. 1,25,000 என்று கமா போட்ட தொகையைச் சரியான மேற்கோள் குறியின்றி சிஎஸ்வி கோப்பில் வைத்தால், அது மூன்று பத்திகளாக உடைந்துபோகும். அதன் பின்னுள்ளவை அனைத்தும் இடம் மாறும். ஆகவே, வெளியே எடுக்கும்முன் தொகையில் உள்ள கமாவை நீக்கிவிடுவது நல்லது.

எண் அல்லாத எண்கள்

பார்கோடு எண் 13 இலக்கம் கொண்டது. நம் நாட்டில் வழங்கப்படும் எண்கள் 890 என்று தொடங்கும். சிஎஸ்வி கோப்பை எக்செலில் இருமுறை தட்டித் திறந்தால், அது இதைப் பெரிய தொகை என்று எண்ணிச் சுருக்கிக் காட்டும். 8.90 அல்லது 8.91 என்று தொடங்கி, நடுவில் ஓர் ஆங்கில எழுத்து, கடைசியில் +12 என்று இருக்கும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிந்த சுருக்கமே கோப்பில் பதியும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான். சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் ஒரே பார்கோடு என்றால் பில் எப்படிப் போடுவது?

0045 என்ற பில் எண் 45 ஆகிவிடும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணானால், பதினாறாவது இலக்கத்திலிருந்து எல்லாம் பூஜ்யமாகும். 3-7 என்ற பில் எண் தேதியாக மாறிவிடும். இத்தொல்லை நமக்கு மட்டும் அன்று. மார்ச் 1 என்பதுபோல் பெயரிடப்பட்ட மரபணுக்களை எக்செல் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவினர் 2020இல் அப்பெயர்களையே மாற்றி அமைத்துவிட்டார்கள்!

நாம் செய்ய வேண்டியது என்ன? கோப்பைத் தட்டித் திறக்காமல், எக்செலில் 'டேட்டா' பகுதிக்குச் சென்று, அங்கிருந்து சிஎஸ்வியை வரவழைத்து, பார்கோடு, பில் எண், எச்எஸ்என், கைப்பேசி எண் ஆகிய பத்திகளை 'டெக்ஸ்ட்' என்று குறிக்க வேண்டும். எதைக் கூட்டவோ கழிக்கவோ போவதில்லையோ, அது எண் அன்று, எழுத்து. இதை மனத்தில் வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

தேதியிலும் கவனம் தேவை. 05/06 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்க முறையில் அமைந்த கணினிக்கு மே 6. கோப்பில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

தமிழில் பெயர் வைத்திருப்போர் யூனிகோடு முறையில் வைத்திருப்பது நலம். பழைய எழுத்துருக்களில் அடித்த துவரம்பருப்பு, வேறு கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். எக்செலிலிருந்து சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் தமிழாகவே போய்ச் சேரும்.

வரிக் கணக்கில் வரும் வினை

சரக்கு சேவை வரி 2017 ஜூலை 1இல் வந்தது. 2022 ஜனவரி முதல், நாம் வாங்கிய சரக்குக்கான உள்ளீட்டு வரி வரவை எடுக்க, அந்தப் பில் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் இடம்பெற்றிருக்க வேண்டும். ஆகவே மாதந்தோறும் அந்த அறிக்கையைத் தளத்திலிருந்து இறக்கி, நம் கொள்முதல் ஏட்டோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. இரண்டும் கோப்புகள்தாம். நம் ஏட்டில் 45, அங்கே 0045 என்றிருந்தால் மென்பொருள் இரண்டையும் வேறு வேறு பில் என்றே சொல்லும். வரி கட்டிய பணம் கண்முன்னே இருந்தும், பொருந்தவில்லை என்று விட்டுவிடுகிறோம். இல்லையேல், ஒழுங்காகக் கணக்குக் காட்டிய மொத்த வியாபாரியிடம் போய் வீண் சண்டை போடுகிறோம்.

ஆராய்ச்சிக்கும் அடிப்படை இதுவே

எந்தச் சரக்கு எந்த மாதம் ஓடுகிறது, எது தூங்குகிறது என்று பார்க்கப் புள்ளியியல் மென்பொருள்கள் உள்ளன. ஆர், பிஎஸ்பிபி இரண்டும் இலவசம். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இவற்றைக் கற்றிருக்கக்கூடும். ஆனால் அரிசியில் கல் இருந்தால் சோற்றிலும் இருக்கும்.

ஒரு கணக்குப் பாருங்கள். 30 நாள் மாதத்தில் 4 நாள் கடை விடுமுறை. மீதி 26 நாளில் துவரம்பருப்பு 520 கிலோ விற்றது. நாளுக்கு 20 கிலோ. விடுமுறை நாள்களை வெற்றாக விடாமல் பூஜ்யம் என்று கோப்பில் ஏற்றினால், மென்பொருள் 30ஆல் வகுத்து 17 கிலோ சொச்சம் என்று சொல்லும். அதை நம்பி, திறந்திருக்கும் நாளுக்கு 17 கிலோ வீதம் சரக்கு வாங்கினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். 'விற்கவில்லை' என்பது வேறு, 'கடை இல்லை' என்பது வேறு.

இன்னொன்று. கைப்பேசி எண் கேட்டால் சிலர் தருவதில்லை. பில் போடுபவர் பத்து ஒன்பதுகளைத் தட்டிவிடுவார். ஆராய்ந்து பார்த்தால், நம் கடையின் மிகப் பெரிய வாடிக்கையாளர் அந்தப் பத்து ஒன்பதுகாரர்தான்! அதுபோல் 1 ரொக்கம், 2 கடன் என்று குறியீடு வைத்திருந்தால், அதன் பொருளைத் தனித் தாளில் எழுதிக் கோப்போடு வையுங்கள். சிஎஸ்வியில் குறியீடு போகும். அதன் விளக்கம் தானாகப் போகாது.

பெரியவர்களும் தவறுவார்கள்

2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, கொரோனா நோயாளிகளின் பட்டியலைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றியது. அக்கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. கொள்ளாதவை சத்தமின்றி விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேர் கணக்கில் சேரவில்லை; அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிப்பதும் தாமதமாயிற்று. புதிய வகை எக்செல் 10,48,576 வரிகள் கொள்ளும். கொள்ளளவு கூடியதே தவிர, எண்ணிப் பார்க்கும் கடமை குறையவில்லை.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. மாற்றும்முன் பழைய கணக்கை முழுமையாகப் படியெடுத்துத் தனியே பத்திரப்படுத்துங்கள். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்.

2. வெளியே எடுத்த வரிகள் எத்தனை, உள்ளே ஏறிய வரிகள் எத்தனை என்று எண்ணுங்கள்.

3. பற்றுக்குத் தனியாகவும் வரவுக்குத் தனியாகவும் கூட்டுத்தொகை எடுத்து இருபுறமும் ஒப்பிடுங்கள். நாம் இதைச் செய்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.

4. முதலில் பத்து, நடுவில் பத்து, கடைசியில் பத்துப் பெயர்களைக் கண்ணால் பாருங்கள்.

5. மூட்டையா கிலோவா என்று அளவைச் சரிபாருங்கள். 25 கிலோ மூட்டை ஒன்று, 1 கிலோவாகப் பதியலாம்.

6. ஒரு மாதம் வரை பழைய மென்பொருளை அழிக்காதீர்கள்.

லாரியில் வரும் சரக்கை எண்ணாமல் நாம் இறக்குவதில்லை. மூட்டை குறைந்தால் ரசீதில் எழுதிக்கொள்கிறோம். கணக்குக் கோப்பும் ஒரு லோடுதான். ஏற்றும்போது எண்ணுவோம், இறக்கும்போதும் எண்ணுவோம்.

அந்த உணவு விடுதிக்காரர் இன்றும் நம்மிடமே சரக்கு எடுக்கிறார். மகள் திருமணமும் நல்லபடியாக நடந்தது. பந்திக்கு நம்மையும் அழைத்தார். ஆனால், முன்பெல்லாம் நாம் சொன்ன தொகையை அப்படியே கொடுத்தவர், இப்போது தம் நோட்டைக் கொண்டுவந்து ஒப்பிட்ட பிறகே பணம் எண்ணுகிறார். அதில் அவர்மேல் குற்றமில்லை. நாம் செய்திருக்க வேண்டிய வேலையை அவர் செய்கிறார்.