வெளிச்சம் இருக்கும்வரை ஒரே லென்ஸ்

டீ வரட்டும், அதற்குள் உங்கள் கேள்வியைத் தொடங்கிவிடலாம். கேமரா வாங்கிய எல்லாரும் சில மாதங்களில் வந்து நிற்கிற கேள்விதான் அது. கேமராவோடு சேர்த்துக் கொடுத்த கிட் லென்ஸ் போதவில்லை. இரண்டு மூன்று லென்ஸ் வாங்கிச் சுமப்பதா, 18-200, 18-300 என்று விற்கிற ஆல்-இன்-ஒன் ஜூம் ஒன்றை வாங்கி மாட்டிவிடுவதா? கடைக்காரர் வாங்குங்கள் என்கிறார். கல்யாணப் படம் எடுக்கிற நண்பர் வேண்டவே வேண்டாம் என்கிறார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இருவரும் வேறு வேறு வெளிச்சத்தில் நின்று பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் அந்த எண்கள். லென்ஸின் குவியத்தூரம் எத்தனை மில்லிமீட்டர் என்பதைத்தான் அவை சொல்கின்றன. எண் சிறிதானால் காட்சி அகலும். பெரிதானால் காட்சி குறுகி, தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும். கேமராவின் சென்சார் அளவையும் கூடவே பார்க்க வேண்டும். ஏபிஎஸ்-சி சென்சாரில் 18-200 லென்ஸ் காட்டுவதும், ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 27-300 லென்ஸ் காட்டுவதும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் ஃபுல் ஃப்ரேம்காரர்களின் ஆல்-இன்-ஒன் 24-240, 28-200 என்று தொடங்குகிறது.

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை எடுத்துக்கொள்வோம். 13 நிலை, 236 அடி, அதாவது சுமார் 72 மீட்டர். பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாக நின்று 1987-இல் முழுமை பெற்றது. அதற்கு நேர் தெற்கே நூறு மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 28 மி.மீ. வைத்து, கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்துச் சற்றே அண்ணாந்தால், வாசலில் நுழையும் கூட்டம் முதல் உச்சியில் வரிசையாக நிற்கும் கலசங்கள் வரை ஒரே படத்துக்குள் அடங்கும். நின்ற இடத்திலேயே கேமராவைப் படுக்கையாகப் பிடித்து ஜூம் வளையத்தை 200-க்குத் திருப்புங்கள். இப்போது படத்துக்குள் வருவது ஏறக்குறைய 18 மீட்டர் அகலமும் 12 மீட்டர் உயரமும்தான். இரண்டு நிலைகள், அவற்றின் நடுவாசல்கள், விளிம்பில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள். நடுவில் 70, 85 என்று நிறுத்தினால் பூக்கடைக்காரரின் முகமும் கையும் கிடைக்கும். கழுத்தில் தொங்குகிற ஒரே லென்ஸில் இவ்வளவும் முடிகிறது. இரண்டு லென்ஸ் வைத்திருப்பவர் அந்தத் தெருவில் பையைத் திறந்து, கேமராவின் வாயைத் தூசிக்கு நடுவே திறந்து, மாட்டி முடிப்பதற்குள் கோயில் யானை கடந்து போய்விடும். சென்சாரில் தூசி ஒட்டுவது பெரும்பாலும் இப்படி லென்ஸ் மாற்றும்போதுதான்.

இத்தனை வசதியான பொருள் நெடுங்காலம் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். ஸ்டில் கேமராவுக்கு வந்த முதல் ஜூம், ஃபிராங்க் பேக் வடிவமைத்த ஃபோய்க்ட்லெண்டர் ஜூமார். ஆண்டு 1959. அது 36-இலிருந்து 82 வரை போனது, இரண்டேகால் மடங்கு. ஏழு மடங்கு போகிற டாம்ரான் 28-200 வந்தது 1992-இல். கைக்கு அடக்கமான அந்த லென்ஸில்தான் ஆல்-இன்-ஒன் என்கிற வகையே பரவலானது. ஆனால் இரண்டு மீட்டருக்குள் இருக்கிற எதையும் அது ஃபோகஸ் செய்யாது. சாப்பாட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவை எடுக்க முடியாது. இவ்வளவு காலம் ஆனதற்குக் காரணம் இதுதான்: உள்ளே இருக்கும் கண்ணாடிகள் அகலக் கோணத்துக்கு ஓர் இடத்தில் நிற்க வேண்டும், தொலைவுக்கு வேறோர் இடத்தில் நிற்க வேண்டும், ஒவ்வோர் இடத்திலும் நிறம் பிரியாமல், கோடு வளையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் ஒரே அளவில் சட்டை தைக்கிற வேலை இது. எங்கேயாவது இறுக்கும், எங்கேயாவது தொளதொளக்கும். 2005-இல் நிக்கான் தன் 18-200 லென்ஸில் கை அதிர்வைத் தணிக்கும் அமைப்பைச் சேர்த்தது. 2017-இல் டாம்ரான் 18-400 கொண்டுவந்தது, 22 மடங்கு. ஃபுல் ஃப்ரேமில் நிக்கானின் 28-400 வந்தது 2024-இல்.

அப்படியானால் எங்கே இறுக்குகிறது? கூர்மை குறைவு என்றுதான் எல்லாரும் உடனே சொல்வார்கள். அதைப் பிறகு பார்ப்போம். உண்மையான நெருக்கடி வெளிச்சத்தில். லென்ஸின் மேல் எஃப்/3.5-5.6 அல்லது எஃப்/3.5-6.3 என்று எழுதியிருக்கிறதே, விலையும் எடையும் அந்த இரண்டாவது எண்ணில் ஒளிந்திருக்கின்றன. குவியத்தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழைகிற வாசலின் விட்டம் கிடைக்கும். 200-ஐ 5.6-ஆல் வகுத்தால் 36 மி.மீ. அதே 200-இல் எஃப்/2.8 வேண்டுமென்றால் 71 மி.மீ. வாசல் வேண்டும். அவ்வளவு பெரிய கண்ணாடி போட்ட 70-200 எஃப்/2.8 லென்ஸ்கள் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல் எடை போகும். 2020-இல் வந்த டாம்ரான் 28-200 லென்ஸின் எடை 575 கிராம். தோளில் நாள் முழுக்கத் தொங்கப்போகிற பொருளில் அந்த அரைக் கிலோ மிச்சத்துக்காக நாம் கொடுக்கிற விலைதான் குறைந்த வெளிச்சம். இன்னொன்று: 28-இல் எஃப்/2.8 தருகிற அந்த லென்ஸ் 200-ஐ எட்டும்வரை 2.8-லேயே நிற்காது. வளையத்தைத் திருப்பத் திருப்ப வாசல் எண் 3.5, 4, 4.5 என்று ஏறிக்கொண்டே போகும். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்ட சிறிய எண்ணை நம்பி வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வெயிலில் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நம் ஊர் நடுப்பகலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/5.6 வைத்தால் ஷட்டர் 1/800 நொடி கிடைக்கும். ஓடுகிற ஆட்டுக்குட்டியும் அசையாமல் பதியும். எஃப்/8-க்கு இறக்கினாலும் 1/400 இருக்கிறது. சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டால் போதும். அந்த ராஜகோபுரத்துக்கே மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்பக்கம் சாய்ந்து போவதால் முகப்பில் நன்றாக வெயில் விழும். ஆனியில் நடுப்பகலுக்குப் போனால் சூரியன் கோபுரத்துக்கு வடக்கே இருக்கும். தெற்கு முகப்பு நிழலில் கிடக்கும்.

இப்போது வீட்டுக்குள் வாருங்கள். சாயங்காலம், கூடத்தில் ஒரு டியூப்லைட். நம் கண்ணுக்கு அது தாராளமான வெளிச்சம். கேமராவுக்கோ வெளியே இருந்த வெயிலைவிடப் பல நூறு மடங்கு குறைவு. எஃப்/5.6-இல் 1/60 நொடி வைத்தால் ஐஎஸ்ஓ 3200 தேவைப்படும். குழந்தை ஒரு இடத்தில் நிற்குமா? அதை அசையாமல் பிடிக்க 1/250 வேண்டும். ஐஎஸ்ஓ 12800-க்குப் போய்விடும். தோலின் நிறம் மங்கி, முடி குழைந்து, படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ் ஏறும். இதே இடத்தில் ஜூம் இல்லாத 50 மி.மீ. எஃப்/1.8 பிரைம் லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் தருகிறது. அதே 1/250-க்குச் சுமார் ஐஎஸ்ஓ 1250 போதும். லென்ஸில்தான் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று கேட்கலாம். அது உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் தணிக்கும். நின்றுகொண்டிருக்கும் தூணை 1/15-இல்கூட எடுக்க உதவும். தாலி கட்டுகிற கையை நிறுத்தாது. கல்யாணக்கார நண்பர் ஏன் வேண்டாம் என்றார் என்பது இப்போது விளங்கியிருக்கும். அவர் பிழைப்பு மண்டபத்துக்குள்ளே, அதிகாலை முகூர்த்தத்தில்.

கூர்மைக்கு வருவோம். ஆல்-இன்-ஒன் லென்ஸில் படத்தின் மூலைகள் கொஞ்சம் மங்கும்; ஜூமின் கடைசிக் கோடியில் நடுப்பகுதியும் சற்று இளகும். அகலக் கோணத்தில் நேர்க்கோடு வெளிப்பக்கம் பிதுங்கும், அங்கிருந்து சற்று உள்ளே போனதும் நடுவில் இடுங்கும். இதெல்லாம் உண்மை. இன்றைய கேமராக்கள் லென்ஸின் இந்தக் குணங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு ஜேபெக் படத்தில் தாமே சரிசெய்துவிடுகின்றன. 2019-இல் வந்த கேனான் ஆர்எஃப் 24-240 லென்ஸ், இந்தத் திருத்தம் நடக்கும் என்று நம்பியே வடிவமைக்கப்பட்டது. திருத்தாத ரா ஃபைலை 24 மி.மீ.யில் திறந்தால் மூலைகள் கறுத்திருக்கும். இதைக் குற்றமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணாடியால் செய்தால் கிலோக்கணக்கில் ஏறக்கூடிய வேலையைக் கணக்கு செய்துமுடிக்கிறது என்றால், தெருவில் நடக்கிறவனுக்கு அது லாபம். 24 மெகாபிக்சல் படத்தை ஆல்பத் தாள் அளவான 12×18 அங்குலத்தில் அச்சிட்டால் ஓர் அங்குலத்துக்கு 333 புள்ளிகள் விழுகின்றன. எஃப்/8-இல் ஒழுங்காக ஃபோகஸ் செய்த படத்தைக் கையில் வைத்துப் பார்க்கிற பாட்டி மூலையின் மங்கலைக் கண்டுபிடிக்கப்போவதில்லை. கை அசைந்திருந்தால் கண்டுபிடிப்பார்.

பின்னணி குழையாது என்பது அடுத்த புகார். இதில்தான் பலர் கணக்கைச் சரியாகப் போடுவதில்லை. தூரத்துப் பின்னணி எவ்வளவு குழையும் என்பது, முகத்தை ஒரே அளவில் எடுத்தால், வாசலின் விட்டத்தைப் பொறுத்தது. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸின் வாசல் 28 மி.மீ. சற்று முன் பார்த்த 200 மி.மீ. எஃப்/5.6-க்கோ 36 மி.மீ. ஆக, திறந்தவெளியில், வெயில் தணிகிற நேரத்தில் ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று 200-இல் இடுப்பளவு படம் எடுத்தால் பின்னால் இருக்கும் தென்னந்தோப்பு பிரைம் லென்ஸில் குழைவதைவிட அதிகமாகவே குழையும். வேண்டியது இடம்தான். கூடத்தில் ஐந்தாறு மீட்டர் பின்னால் போனால் சுவர் இடிக்கும்.

பழகும் விதத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். ஜூம் வளையம் கையில் இருப்பதால் கால் மரத்துப்போகிறது. நின்ற இடத்திலிருந்தே பெரிதாக்குகிறோம். ஆனால் முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது உங்களுக்கும் அவருக்கும் இடையில் இருக்கும் தூரம். அரை மீட்டரில் நின்று 28-இல் எடுத்தால் மூக்கு முன்னே வந்து காது பின்னே போய்விடும். ஆகவே முதலில் எண்ணை வையுங்கள், பிறகு நடங்கள். முகத்துக்கு 85 முதல் 135, தெருவுக்கு 35 என்று நிறுத்திக்கொண்டு அந்த எண்ணுக்கு ஏற்ப முன்னும் பின்னும் போங்கள். கொஞ்ச நாளில் கேமராவைத் தூக்குமுன்பே காட்சி எவ்வளவு அடங்கும் என்று கண்ணுக்குத் தெரியும். சில மாதம் கழித்து, எடுத்த படங்களின் தகவலைக் கணினியில் திறந்து எந்தக் குவியத்தூரத்தில் அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். 35 பக்கம் குவிந்திருந்தால் அந்த அளவில் ஓர் எஃப்/1.8 பிரைம் வாங்குங்கள். இருட்டிய பிறகு அதுதான் மாட்ட வேண்டிய லென்ஸ். அகலக் காட்சி மட்டும்தான் எடுக்கிறீர்கள் என்று தெரிந்தால் ஆல்-இன்-ஒன் உங்களுக்குத் தேவையே இல்லை, பையில் இருக்கும் செல்போன் அதைச் செய்கிறது. இந்த லென்ஸ் செல்போனை விட்டு விலகி நிற்பது 70-க்கு மேலேதான். வேடந்தாங்கல் நாரைக்கு மட்டும் இதை நம்பிப் போகாதீர்கள். பறவைக்கு 400-ம் பற்றாது.

பராமரிப்பும் உண்டு. இந்த வகை லென்ஸ்கள் பெரும்பாலும் ஜூம் செய்யும்போது குழாய் நீண்டு வெளியே வரும், திரும்ப உள்ளே போகும். நீளும்போது காற்றை இழுக்கும். காற்றோடு ஈரமும் நுண்தூசியும் வரும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் அலமாரிக்குள் பூட்டிவைத்த லென்ஸின் உள்கண்ணாடியில் மழைக்காலம் முடிவதற்குள் பூஞ்சை படரலாம். தோல் பைக்குள் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் நிற்கிறதா என்று சிறிய மீட்டர் ஒன்றை வைத்துப் பாருங்கள். எடுத்துப் பயன்படுத்திக்கொண்டே இருப்பதும் பூஞ்சைக்கு நல்ல தடுப்பு.

பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால் செல்போன் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரிப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. குழாயை முழுதாக நீட்டி மெல்ல ஆட்டிப் பாருங்கள். லென்ஸைத் தரைப்பக்கம் தொங்கவிட்டால் தானாக இறங்கி நீள்கிறதா என்றும் பாருங்கள். கொஞ்சம் இறங்குவது இந்த வகைக்கு வழக்கம், பூட்டு விசை இருந்தால் கவலையில்லை. கடைசியாக, பூசாத செங்கல் சுவர் ஒன்றுக்கு நேராக நின்று, எஃப்/8 வைத்து, அகலக் கோடியில் ஒன்றும் தொலைவுக் கோடியில் ஒன்றும் எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் கலங்கியும் இருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் அதை எடுக்காதீர்கள், வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள்.