தொழிலாளிக்காகப் பேசுவது எந்தச் சங்கம்?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில் வித்துரா என்னும் சிற்றூர் இருக்கிறது. மலைமேல் தேயிலைத் தோட்டங்கள்; அவற்றில், தலைமுறைகளுக்கு முன்னே தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள்; கீழே, ஊரில், அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ் டிப்போ. இந்த டிப்போத் தொழிலாளர் உட்பட, கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்த 27,000-க்கு மேற்பட்டோருக்கு 2020 டிசம்பர் 30 அன்று ஒரு தேர்தல் நடந்தது. சட்டசபைத் தேர்தல் அன்று. பஞ்சாயத்துத் தேர்தலும் அன்று. தங்கள் சார்பில் நிர்வாகத்தோடு பேசும் உரிமை எந்தச் சங்கத்துக்கு என்பதைத் தொழிலாளர்களே இரகசிய வாக்கெடுப்பால் முடிவு செய்த தேர்தல்.

நூற்றுக்குப் பதினைந்து வாக்காவது பெறும் சங்கத்துக்கே அங்கீகாரம் என்பது விதி. சி.ஐ.டி.யு.வைச் சேர்ந்த சங்கம் 35 விழுக்காட்டுக்குச் சற்று மேலும், ஐ.என்.டி.யு.சி. சார்பான கூட்டணி 23 விழுக்காட்டுக்குச் சற்று மேலும், பி.எம்.எஸ். சங்கம் 18 விழுக்காடும் பெற்று மூன்றும் தேறின. ஏ.ஐ.டி.யு.சி. சங்கம் தேறவில்லை.

இதில் நேயர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டிரைவர், கண்டக்டர், மெக்கானிக்கு ஆகிய எல்லாரும் ஒரே பெட்டியில் வாக்களித்தனர். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் முதற்கவலை பணி நேரமும் ஓய்வும். மெக்கானிக்கின் கவலையோ உதிரிப்பாகம் வந்ததா, இரவுப் பணிக்கு ஆள் போதுமா, பதவி உயர்வுக்கு வழி உண்டா என்பது. எண்ணிக்கையில் மெக்கானிக்குகள் சிறுபான்மையினர். பெரிய சங்கம் ஒன்றின் கோரிக்கைப் பட்டியலில் அவர்களுடைய கோரிக்கை எத்தனையாவது இடத்தில் வரும்? அதற்காகத் தனிச் சங்கம் கண்டால், பதினைந்து விழுக்காட்டை அந்தச் சங்கம் எக்காலத்தில் எட்டும்?

இதே கேள்வி, வித்துராவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், திருவனந்தபுரம் விமான நிலையத்தருகே உள்ள விமானப் பழுதுபார்க்கும் கொட்டகையில் இன்னும் கூர்மையாக எழுகிறது. அங்கே போயிங் 737 இரக விமானங்கள் பராமரிக்கப்படுகின்றன. பஸ் டிப்போவுக்கும் விமானக் கொட்டகைக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு கருவிகளில் இல்லை, கையொப்பத்தில் இருக்கிறது.

விமானத்தைப் பழுதுபார்ப்போரில் இரு வகையினர் உளர். ஒரு வகையினர் டெக்னீஷியன்கள். சக்கரத்தைக் கழற்றுவதும், மூடியைத் திறப்பதும், பாகத்தை மாற்றுவதும் பெரும்பாலும் அவர்கள் கை. மற்றொரு வகையினர் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர். மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நடத்தும் பரீட்சைகளில் தேறி, குறிப்பிட்ட காலம் அனுபவம் பெற்று, ஒவ்வொரு விமான இரகத்துக்கும் தனியே தகுதி பெற்றவர்கள் இவர்கள். வேலை முடிந்த விமானம் மீண்டும் பறக்கத் தகுந்தது என்னும் சான்றில் இவர்களில் ஒருவர் கையொப்பமிட வேண்டும். அந்தக் கையொப்பத்துக்குக் கம்பெனி மட்டும் பொறுப்பன்று; இட்டவரும் நேரே பொறுப்பாளி. தவறு நேர்ந்தால் அவருடைய உரிமமே போகும். எனவே, புறப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது என்று மேலதிகாரி நெருக்கினாலும் கையொப்பமிட மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. மறுத்த மறுநாள் அவருக்கு ஆதரவாக யார் நிற்பார் என்பதே சங்கப் பிரச்சினையின் கரு. ஊதிய உயர்வு, படி, போனஸ் எல்லாம் அதற்கு அடுத்தபடியே என்பது என் எண்ணம்.

பொறியாளரும் டெக்னீஷியனும் ஒரே விமானத்தின்கீழ் தோளோடு தோள் நின்று உழைத்தாலும், இருவர் கோரிக்கையும் ஒன்றன்று. உரிமத்துக்கான படி உயர வேண்டும் என்பார் ஒருவர். உரிமம் பெறும் வழி தமக்கும் திறக்க வேண்டும், அதுவரை தம் திறமைக்குரிய ஊதியம் வேண்டும் என்பார் மற்றவர். ஆகவே நம் நாட்டில் இவ்விருவருக்கும் வெவ்வேறு சங்கங்கள் தோன்றின. பொறியாளருக்கு அகில இந்திய விமானப் பொறியாளர் சங்கம் போன்றவை. டெக்னீஷியன்களுக்கு இந்திய விமான டெக்னீஷியன்கள் சங்கம். இவற்றுக்கு மேலாக, தரைப்பணியாளரிற் பல பிரிவினரைச் சேர்த்துக்கொண்ட விமானக் கார்ப்பரேஷன் ஊழியர் சங்கம். கடைசியாகச் சொன்ன சங்கத்தின் பெயரில் ஒரு சரித்திரம் அடங்கியிருக்கிறது. 1953-இல் பாராளுமன்றம் விமானக் கார்ப்பரேஷன் சட்டத்தை இயற்றி, தனியார் விமானக் கம்பெனிகளை அரசுடைமையாக்கி, வெளிநாட்டுப் போக்குவரத்துக்கு ஒன்றும் உள்நாட்டுக்கு ஒன்றுமாக இரு கார்ப்பரேஷன்களை அமைத்தது. 1994-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. கார்ப்பரேஷன்கள் மறைந்தன, சங்கத்தின் பெயரில் மட்டும் அவை தங்கின.

சங்கம் அமைப்பது எளிது. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் கூடினால் பதிவு செய்துகொள்ளலாம் என்றிருந்தது. 2001-இல்தான், தொழிலாளரிற் பத்தில் ஒரு பங்கோ நூறு பேரோ சேர வேண்டும் என்று இறுக்கினார்கள். ஆனால் பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவு பெற்ற சங்கத்தோடு முதலாளி பேசியே தீர வேண்டும் என்று அச்சட்டம் கட்டளையிடவில்லை. அதற்கென 1947-இல் நிறைவேறிய திருத்தம் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. குல்சாரிலால் நந்தா தொழிலமைச்சராக இருந்தபோது, 1958-இல், முதலாளிகளும் சங்கங்களும் அரசும் ஒப்புக்கொண்ட ஒழுங்குக் கோவை ஒன்று உருவாயிற்று. சங்கங்கள் பல இருப்பின் பெரிய சங்கத்துக்கு அங்கீகாரம் என்றது அந்தக் கோவை. பெரியது எது என்று காண்பதெப்படி? உறுப்பினர் பட்டியலையும் சந்தாக் கணக்கையும் சரிபார்க்க வேண்டும் என்றது ஐ.என்.டி.யு.சி.; இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்றது ஏ.ஐ.டி.யு.சி.

பட்டியல் முறையின் குறை பலரும் அறிந்ததே. ஒரே தொழிலாளி இரண்டு சங்கத்துக்குச் சந்தா கட்டியிருப்பார். ஒன்று நம்பிக்கைக்காக, மற்றொன்று தொல்லை வேண்டாமென்று. இரு பட்டியலிலும் அவர் பெயர் இருக்கும். இரகசியப் பெட்டியில் அது நடவாது. இரகசிய வாக்கெடுப்பைத்தான் கேரளம் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்றது.

இனி ஏர் இந்தியாவுக்கு வருவோம். 2007-இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்றாக்கப்பட்டன. கம்பெனி ஒன்றாயிற்று, சங்கங்கள் ஒன்றாகவில்லை. ஒரே பணிக்கு இரு ஊதிய விகிதம், இரு பதவி உயர்வு முறை, இரு மூப்புப் பட்டியல். பழைய கம்பெனி ஒவ்வொன்றின் சங்கமும் தன் பட்டியலைக் காக்க முனைந்தது. விமானிகளிடையே இது வெளிப்படையாகவே வெடித்தது. 2011-இல் ஊதியச் சமத்துவம் கேட்டுப் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தனர். மறு ஆண்டு, புதிய போயிங் 787 விமானங்களுக்கான பயிற்சியில் அவர்களுக்கும் பங்கு தருவதை எதிர்த்துப் பழைய ஏர் இந்தியா விமானிகள் வேலைநிறுத்தம் செய்தனர். ஒருவர் நிற்கும்போது மற்றவர் பறந்தனர்.

பராமரிப்போர் கதை வேறு விதம். 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் விபத்துக்குள்ளாகி 158 பேர் மாண்டனர். நாடே துக்கத்தில் இருக்கையில், மூன்று நாட்களுக்குப்பின், மேலே குறித்த பொறியாளர் சங்கமும் ஊழியர் சங்கமும் திடீர் வேலைநிறுத்தத்தில் இறங்கின. பத்திரிகைகளோடு பேசக்கூடாது என்று நிர்வாகம் பிறப்பித்த உத்தரவு அதற்கு ஒரு காரணம். தில்லி உயர்நீதிமன்றம் தடை விதித்தது, வேலைநிறுத்தம் முடிந்தது. நிர்வாகம் சிலரைப் பணியிலிருந்து நீக்கியதோடு, இரு சங்கங்களின் அங்கீகாரத்தையும் இரத்துச் செய்தது. அந்த வேளையில் வேலைநிறுத்தம் செய்தது பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். எனக்கும் அது பொருத்தமாகப் படவில்லை. ஆனால் வேறொன்று கருதத்தக்கது. நிர்வாகம் தன் கைப்படத் தந்த அங்கீகாரமாதலால், ஒரே நாளில் தானே அதைப் பறிக்கவும் முடிந்தது. தொழிலாளர் வாக்களித்துத் தந்த அங்கீகாரமாயின் அத்தனை எளிதிற் பறிக்க இயலுமா?

அமெரிக்காவில் அந்த அங்கீகாரம் வாக்காலேயே வருகிறது. இரயில்வேக்கென 1926-இல் இயற்றிய சட்டத்தை 1936-இல் விமானக் கம்பெனிகளுக்கும் நீட்டினார்கள். அதன்படி, ஒரு கம்பெனியின் மெக்கானிக்குகள், எந்த ஊரிலிருந்தாலும், ஒரே தொகுதி. விமானிகள் வேறொரு தொகுதி. தொகுதிக்கு ஒரு சங்கம்தான். வென்ற சங்கம் எல்லாருக்காகவும் பேசும். தோற்றதற்கு இடமே இல்லை. 2010 வரை அங்கே ஒரு விசித்திர விதியும் இருந்தது: வாக்களிக்க வராதவர், சங்கமே வேண்டாம் என்று வாக்களித்தவராகக் கணக்கிடப்பட்டார். வீட்டில் உறங்கியவரையும் எதிர்க்கட்சியில் சேர்த்த விதி அது.

அந்நாட்டு விமான மெக்கானிக்குகளை நெடுங்காலம் பெரும்பாலும் பெரிய பொதுச் சங்கங்களே ஆண்டன. மூட்டை தூக்குவோருக்கும் பேசும் சங்கம் உரிமம் பெற்ற மெக்கானிக்கின் மதிப்பை உணராது என்று கருதியோர் 1962-இல் விமான மெக்கானிக்குகள் சகோதர சங்கம் என ஒன்றைத் தொடங்கினர். கொள்கை எளியது: மெக்கானிக்குக்கு மெக்கானிக்கே பேச வேண்டும். முப்பத்தாறு ஆண்டுகளுக்குப்பின், 1998-இல், நார்த்வெஸ்ட் என்னும் பெரிய கம்பெனியில் இயந்திரத் தொழிலாளரின் சர்வதேசச் சங்கத்தை வாக்கெடுப்பில் வீழ்த்தி இச்சங்கம் இடம்பிடித்தது. 2001-இல் நல்ல ஊதிய உயர்வோடு ஒப்பந்தமும் கண்டது. 2003-இல் யுனைடெட், சவுத்வெஸ்ட் ஆகிய கம்பெனிகளின் மெக்கானிக்குகளும் இச்சங்கத்துக்கே வாக்களித்தனர். தனிச் சங்கத்தின் வாதம் மெய்ப்பட்டதாகவே தோன்றியது.

அதன்பின் காற்று மாறியது. கம்பெனிகள் நட்டத்தில் ஆழ்ந்தன. நார்த்வெஸ்ட் நிர்வாகம் ஊதியத்தில் ஏறத்தாழக் கால் பங்கையும், வேலைகளில் ஏறத்தாழப் பாதியையும் வெட்ட வேண்டும் என்றது. 2005 ஆகஸ்ட் 20 அன்று, மெக்கானிக்குகளும் விமானத் துப்புரவாளருமாகச் சுமார் 4,400 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நிர்வாகமோ மாற்று மெக்கானிக்குகளை முன்கூட்டியே திரட்டி வைத்திருந்தது. விமானிகள் பறந்தனர். விமானப் பணிப்பெண்கள் வேலைக்குச் சென்றனர். ஏழாண்டுகளுக்கு முன் வாக்கெடுப்பில் தோற்ற பழைய சங்கம், அதே கம்பெனியின் தரைப்பணியாளருக்காக இன்னும் பேசிவந்தது. அவர்கள் மெக்கானிக்குகளின் மறியல் வரிசையைக் கடந்து உள்ளே போயினர். எங்களைவிட்டு நீங்கியவர்களுக்கு நாங்கள் ஏன் நிற்க வேண்டும் என்ற மனத்தாங்கலை நாம் ஊகிக்கலாம். ஒரு மாதத்துக்குள் கம்பெனி திவால் மனுவும் கொடுத்தது. வேலைநிறுத்தம் 2006 நவம்பரில் முறையாக முடிவுக்கு வந்தபோது பழைய வேலைகளிற் பெரும்பகுதி இல்லை. 2008-இல் யுனைடெட் மெக்கானிக்குகள் மீண்டும் பொதுச் சங்கம் ஒன்றையே, டீம்ஸ்டர்ஸ் என்பதை, தேர்ந்தனர். சவுத்வெஸ்டில் தனிச் சங்கம் நிலைத்தது. ஆக, ஒரே கொள்கை ஓரிடத்தில் வேரூன்றியது, ஓரிடத்தில் கைவிடப்பட்டது, ஓரிடத்தில் அழிந்தது.

நம் நாட்டில் இப்போது விதி மாறியிருக்கிறது. 2020-இல் நிறைவேறிய தொழில் உறவுக் கோவை 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆள்பதிவேட்டிலுள்ள தொழிலாளரில் 51 விழுக்காட்டினரின் ஆதரவுள்ள சங்கமே தனித்துப் பேசும். அப்படி ஒன்று இல்லையாயின் பேச்சுக் குழு அமையும்; 20 விழுக்காட்டுக்குக் குறையாத ஆதரவு பெற்ற சங்கங்களுக்கு, ஒவ்வோர் இருபதுக்கும் ஒரு பிரதிநிதி. வித்துரா டிப்போ பங்குகொண்ட தேர்தலை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். வாக்களித்தோர் தொகையும் பதிவேட்டுத் தொகையும் ஒன்றல்ல என்பதை இப்போதைக்கு ஒதுக்குவோம். 35 பெற்ற சங்கத்துக்கு ஓரிடம். 23 பெற்ற கூட்டணிக்கும் ஓரிடம். 18 பெற்றதற்கு இடமில்லை. தொழிலாளர் மனம் சிறிதும் மாறாமலே பேச்சு மேசையில் மூன்று நாற்காலி இரண்டாகிவிடுகிறது. அன்றியும், பதிவேட்டை அடிப்படையாகக் கொண்டதால், வாராதவர் எல்லாச் சங்கத்துக்கும் எதிராகவே எண்ணப்படுவார். அமெரிக்கர் 2010-இல் கைவிட்டதற்கு நெருங்கிய முறை இது.

விமான மெக்கானிக்குக்கு இதனினும் பெரிய கேள்வி, யாருடைய பதிவேடு என்பது. 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாட்டா குழுமத்தின் கைக்குச் சென்றது. திருவனந்தபுரத்துக் கொட்டகையை நடத்தும் ஏர் இந்தியா பொறியியல் சேவைக் கம்பெனி அவ்விற்பனையிற் சேராமல் அரசிடமே நின்றது. விமானத்தின் உடைமையாளர் ஒருவர், அதைப் பழுதுபார்ப்பவரின் முதலாளி மற்றொருவர் என்றாயிற்று. இதனால் பராமரிப்போர் மட்டுமே பெரும்பான்மையாக உள்ள பதிவேடு ஒன்று கிடைத்தது; தனிச் சங்கத்தார் நெடுநாள் கேட்டதும் ஏறக்குறைய அதுவே. ஆயினும் விமானி, பணிப்பெண், டிக்கெட் எழுத்தர் ஆகியோருடன் ஒரே மேசையில் அமரும் வாய்ப்பு போயிற்று. அந்தப் பதிவேட்டுக்குள்ளும் நிரந்தரத் தொழிலாளர் ஒருபுறம், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வந்த டெக்னீஷியன்கள் ஒருபுறம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருப்பவர் எந்தச் சங்கத்தில் துணிந்து பெயர் எழுதுவார்? உறுப்பினர் பட்டியலைக் கொண்டு அவர் மனத்தை அறிய முடியாது. அவருக்கேனும் மூடிய பெட்டி வேண்டும்.

புதிய கோவைப்படி கிடைக்கும் அங்கீகாரம் மூன்று ஆண்டு செல்லும். இரு தரப்பும் இசைந்தால் ஐந்து ஆண்டு வரை நீளும். அதன்பின் மறுபடியும் எண்ண வேண்டும்.