வீடியோ காலிங் பெல்லுக்கு எந்த ட்ரான்ஸ்பார்மர்?

கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வந்த வீட்டில் அடுத்து வீடியோ காலிங் பெல் மாட்ட ஆசை வரும். அதற்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். நம் வீட்டுப் பழைய பெல் பெரும்பாலும் நேராக 230 வோல்ட்டில் இயங்குவது. ஒயர் இணைப்புள்ள வீடியோ பெல்கள் பலவும் 16 முதல் 24 வோல்ட் ஏ.சி. கேட்பவை. பழைய ஒயரில் அப்படியே மாட்டினால் பெல் எரிந்துவிடும், தொடுபவருக்கும் ஆபத்து.

எம்.சி.பி. பெட்டியின் 35 மி.மீ. ரெயிலில் பொருந்தும் சிறு ட்ரான்ஸ்பார்மரையே நான் சிபாரிசு செய்வேன். வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று:

1. அவுட்புட் வோல்ட், பெல் கேட்கும் அளவுதானா?

2. வி.ஏ. போதுமா? 24 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் 24 வி.ஏ. வேண்டும். சற்றுக் கூடுதலாகவே வாங்குங்கள், குறையக் கூடாது.

3. ஐ.இ.சி. 61558 தரம் குறிப்பிடப்பட்டுள்ளதா?

இணைக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மெயினை அணைத்த பிறகே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.